மூணு பேர் விட்ட மூச்சு

“‘இந்த வீட்ல மூணு பேர் விட்ட மூச்சைத்தான் நான் இழுத்துக்கிட்டு இருக்கேன் அத்தை, எனக்குன்னு ஒரு வாய் காத்து கிடையாது.’ இதுதாங்க அவ சொன்னது. நான் ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை. இப்ப சொல்லுங்க, இதுக்கும் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?” என்று தமயந்தி கேட்டபோது, கோதண்டம் சமையலறை வாசலில் பனியனைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மடித்த பேப்பரால் வயிற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இந்த மனிதர் எதையாவது விசிறிக்கொண்டோ சொறிந்துகொண்டோதான் நின்றிருக்கிறார். “மெதுவாப் பேசும்மா, உள்ளே காதுல விழும்” என்றார் கடைசியில். விழட்டும். விழுவதற்குத்தானே பேசுவது. மேற்குப் பக்க அறையிலிருந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம், யாரோ தோலை உரிப்பது மாதிரி நீளமாக வந்து அறுந்தது. மகன் ஹரீஷும் அவன் பெண்டாட்டி மோனிஷாவும் இன்று மத்தியானம் போரூருக்குக் குடி போகிறார்கள். வாடகை வீடு, தனி ஏசி, தனி மூச்சு. தை மாதம் கல்யாணம், இன்னும் வைகாசி பிறக்கவில்லை, அதற்குள் தனிக்குடித்தனம். என்ன சண்டை, என்ன சீர் தகராறு என்று ஊர் கேட்டால் என்ன சொல்வது, காற்று பத்தவில்லையாம் என்றா? நேற்று சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு, கத்திரி வெயிலின் புண்ணியத்தில், ராத்திரியே பொங்கி மூடியைத் தள்ளிவிட்டு மேடையில் வழிந்து, சிங்க் வரைக்கும் ஊர்ந்து போய்ப் பொருக்குக் கட்டிக் கிடந்தது. தோசைத் திருப்பியால் அதைச் சுரண்டச் சுரண்டப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. வாந்தி எடுத்த பிள்ளைக்குத் துடைத்துவிடுகிற மாதிரி இருந்தது. துடைத்துத்தானே வளர்த்தாள், இப்போது டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறானே, அவனை. “இருங்கடா” என்று ஒரு வார்த்தை சொன்னால் இருப்பான், அவளுக்குத் தெரியும். நேற்று ராத்திரிகூட அவன் அந்த வார்த்தைக்காக ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுக்காமல், வெகு நேரம் நின்றான். அவள் என்ன சொன்னாள்? ஃபிரிட்ஜைச் சாத்துடா என்றாள். தான் ஏன் இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும்? அந்தப் பெண் வந்து ஒரு மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தமயந்தி ஒரு பொருக்கைப் பெயர்த்து எறிந்த சமயத்தில்தான் வாசல் மணி அடித்தது.

வாசலில் நின்ற பெண்ணின் பெயர் பெனிட்டாவாம். ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடுகள்தான் வேண்டும் என்று காலையில் பூங்காவில் நடக்கிறவர்களிடம் கேட்டிருக்கிறாள். வீட்டில் கேட்காமல் ஆளை வரச் சொல்வதற்குக் கோதண்டத்துக்கு மட்டும் எங்கிருந்துதான் தைரியம் வருமோ, “ஞாயித்துக்கிழமை வாம்மா, எங்க வீடு சும்மா அடுப்பு மாதிரி இருக்கும்” என்று பெருமையாகக் கூப்பிட்டிருக்கிறார். பெருமைக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் அந்தப் பெண்ணின் சுடிதார் முதுகோடு ஒட்டி, அக்குளில் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. சோபாவில் அவள் சாய்ந்தபோது தமயந்திக்கு உடம்பு கூசியது. போன வாரம்தான் துவைத்த உறை. “பருவநிலை மாற்றத்துக்கு அன்றாட வாழ்க்கைல நீங்க எப்படித் தகவமைச்சுக்கிறீங்க ஆன்ட்டி?” என்று அவள் போனில் ரெகார்டரைத் தட்டிவிட்டுக் கேட்டாள். தகவமைச்சு. என்ன வார்த்தை இது, பல்லில் சிக்கின நார் மாதிரி. புழுங்குகிறது, புழுங்கிக்கொண்டு கிடக்கிறோம் என்பதற்கு இப்படி ஒரு பெயரா? தமயந்தி படித்த வேலூர் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் இதைக் கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது என்று சபையில் பேசுவது சிஸ்டருக்குப் பிடிக்காது. வேலூர் வெயிலில், தார் உருகி ஷூவில் ஒட்டுகிற வெயிலில், முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் போட்டு நிற்க வைத்துத் திங்கட்கிழமை தோறும் கைக்குட்டை சோதனை. மடிப்புக் கலையாத கைக்குட்டையைக் காட்ட வேண்டும், வியர்வை துடைத்த கைக்குட்டையைக் காட்டினால் அடி. அப்படியானால் எதற்குக் கைக்குட்டை என்று யாரும் கேட்டதில்லை. தமயந்தி இடுப்பில் இன்னொன்று செருகி வைத்திருப்பாள், துடைக்க. காட்டுவதற்கு ஒன்று, துடைப்பதற்கு ஒன்று. ஆயுசு பூராவும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. “நாங்க என்னம்மா பண்றோம், எல்லாரும் பண்றதுதான்” என்றாள் தமயந்தி, காட்டுகிற கைக்குட்டையை எடுத்து நீட்டுவது போல. அதற்குள் கோதண்டம் புகுந்துவிட்டார். மொட்டைமாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்ததாம், சாக்கு நனைத்துப் போட்டதாம், ஜன்னலுக்குத் தெர்மோகோல் வெட்டி ஒட்டியதாம். எல்லாம் தான் செய்த மாதிரி. சாக்குக்குத் தண்ணீர் சுமந்தவளுக்குத்தானே தெரியும், அது ஒரு வாரத்தில் பூசணம் பிடித்து எலி செத்த நாற்றம் நாறியது. உரித்துப் போட்டபோது அடியில் கறுப்பாக ஏதோ நெளிந்தது.

“டேங்க் தண்ணி எப்படி ஆன்ட்டி?” எப்படி என்றால்? பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வரும். வெறும் தண்ணீரிலேயே வெந்தயக்கீரை வதங்கிவிடும். விடியற்காலையிலேயே வாளி வாளியாகப் பிடித்து வைத்துவிட வேண்டும், அதில் முதல் குளியல் யார் என்று ஒரு முறை. கோதண்டம் குளித்துவிட்டு வந்தால் சோப்பு நுரையும் நரைமுடியுமாகக் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்துக் கிடக்கும், மோனிஷா குளித்துவிட்டு வந்தால் முழம் முழமாகக் கறுப்பு முடி. எல்லாவற்றையும் கட்டைவிரலால் சுருட்டி எடுக்கிறவள் ஒருத்தி. பகலுக்குச் சமைத்த சோறு சாயங்காலம் நூல் விடும். தயிர் உறைகிற வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஏதோ உயிருள்ளது மாதிரி. இதையெல்லாம் இந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்வதா? அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள், நாளைக்கு எங்கேயோ மேடையில் படம் போட்டுக் காட்டுவாள், வில்லிவாக்கத்தில் ஒரு குடும்பத்தலைவி என்று. மேற்கு அறையில் எதுவோ விழுந்து உருண்டது. எவர்சில்வர் டம்ளர். மோனிஷா மெல்லச் சிரித்தாள், ஹரீஷ் “உஷ்” என்றான். அந்த அறையில் எப்படிச் சிரிக்க வருகிறது அவர்களுக்கு? சுவரில் கை வைத்தால் தோசைக்கல். சாயங்காலம் பூராவும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பூராவும் அதைக் கக்குகிற சுவர். அதனால்தானே பங்குனி பாதியிலேயே, “ரெண்டு பேரும் ஏசி ரூமுக்கு வந்துடுங்கப்பா, எதுக்கு வெந்து சாகறீங்க” என்று தமயந்தியே வாய்விட்டுக் கூப்பிட்டாள். யார் கூப்பிடுவார்கள் அப்படி? எந்த மாமியார்? இன்னொரு ஏசி மாட்டலாம் என்றால் இந்தப் பழைய கட்டடத்தின் வயரிங் தாங்காது, ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கரன்ட் பில் தாங்காது என்று கோதண்டத்திடம் இரண்டு பதில் தயாராக இருக்கும். கோடையில் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், மெத்தையைத் தூக்கிக்கொண்டு இருக்கிற ஒரே ஏசிக்குக் கீழே எல்லாரும். சாயங்காலம் மெத்தையைத் தூக்கு, காலையில் சுருட்டு. ரயில்வே பிளாட்பாரம் மாதிரி.

அந்த ஏசி அறையை நினைத்தாலே அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி, இடுக்குக்கெல்லாம் பழந்துணி அடைத்து, அதற்குள் நான்கு உடம்பு. கோதண்டத்தின் மூட்டுத் தைலம். ஏப்பம், அதற்குப் பிறகு வருவது. ஹரீஷின் ஆபீஸ் சாக்ஸ். மோனிஷாவின் தலையில் அந்த ஷாம்பு வாசனை, செயற்கையான மாம்பழம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புளிச்ச வாடை. அது எதிலிருந்து வருகிறது என்று அவளால் இந்த ஒன்றரை மாதமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. உறைகளை மாற்றினாள், மெத்தையை மாடியில் காயப்போட்டாள், கோதண்டத்தின் காலைப் படுக்கப் போகும்முன் கழுவ வைத்தாள், “உன் தலை ஈரம் காயாமப் படுக்காதம்மா, நாறுது” என்று மருமகளிடமே சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் முகம் போன போக்கு. போகட்டுமே, உண்மைதானே? கோதண்டம் ரிமோட்டைப் பாலிதீன் கவரில் போட்டுத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார், இருபத்தேழுக்குக் கீழே இறங்கவிட மாட்டார், கவர் ராத்திரி முழுக்க மொறுமொறு என்று சத்தம் போடும். கடைசியாக வருகிறவன் ஹரீஷ்தான். சாப்பிட்டு எல்லாம் ஆன பிறகும் அவனும் அவளும் அந்த மேற்கு அறையில், அந்த அடுப்பில், விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேச்சோ. இவள் இங்கிருந்து குரல் கொடுப்பாள். முதலில் மோனிஷா வந்து சுவரோரம் படுத்துக்கொள்வாள், கழுத்தெல்லாம் வியர்வை பளபளக்க. கொஞ்சம் கழித்து அவன் வருவான். வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்பான். “ஹரீஷ், அந்தக் கதவைச் சாத்துப்பா, குளிர் வெளியே போகுது” என்பாள் தமயந்தி. தினமும். அவன் சாத்துவான். தினமும்.

“அந்த ரூமைப் பாக்கலாமா ஆன்ட்டி? சுவர்ல ஒரு சின்னப் பெட்டி மாட்டணும், சூட்டையும் ஈரப்பதத்தையும் அதுவே குறிச்சுக்கும், ஒரு மாசம் கழிச்சு வந்து எடுத்துப்பேன்.” பெட்டி என்ன பெட்டி, தீப்பெட்டி அளவுக்கு வெள்ளையாக ஒன்று, பச்சையாக ஒரு கண். அதை மாட்டிவிட்டுப் பெனிட்டா அறை நடுவில் நின்றுகொண்டு, “இங்க யார் யார் எங்கெங்க படுப்பீங்க?” என்று கேட்டாள். இதையும் கேட்பார்களா ஆராய்ச்சியில்? காலாலேயே காட்டினாள் தமயந்தி. “அவருக்கு முட்டி வலி, கீழே உக்காந்து எழுந்திருக்க முடியாது, அதனால கட்டில்ல. கட்டில்ல இன்னொரு பக்கம் பையன். கீழே பொம்பளைங்க. சுவரோரமா மருமக. இந்தப் பக்கம் கட்டிலை ஒட்டி நான்.” சொல்லும்போதே அவளுக்குத் தன் ஏற்பாடு கச்சிதமாக இருப்பதாகத் தோன்றியது. மாமனார் பக்கத்தில் மருமகளைப் படுக்கவைக்க முடியுமா? முடியாது. கோதண்டம் ராத்திரியில் இரண்டு தரம் எழுந்து போவார், மருமகளைத் தாண்டிக்கொண்டா போவார்? கூடாது. ஆகவே ஆண்கள் மேலே, பெண்கள் கீழே, நடுவில் இவள். எங்கேயாவது ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம். பெனிட்டா சுவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு நடுவில் மடித்து வைத்திருந்த மெத்தையைப் பார்த்தாள். “அவங்களுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு ஆன்ட்டி?” “தை மாசம்.” “ஓ” என்றாள் அந்தப் பெண். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, “அப்போ அவங்க ரெண்டு பேரும்...?” என்று பாதியில் நிறுத்தினாள். காது மடல் சிவந்துவிட்டது அவளுக்கு. கோதண்டம் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். “அவங்க ரெண்டு பேருக்கும் என்ன? நல்லாத்தான் தூங்குவாங்க. ஏசி எல்லாருக்கும் ஒண்ணாத்தானே அடிக்குது” என்றாள் தமயந்தி. அறைந்தது மாதிரி சொன்னாள். கேட்கிற கேள்வியைப் பார். மூஞ்சியைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி இருக்கிறது.

ஆனால் கேள்வி உள்ளே விழுந்துவிட்டது, விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்றது. பெனிட்டாவை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, மோர் குடித்த டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்து, மறுபடியும் எடுத்துத் தேய்த்தாள். வேலூரில் விடுதியில் ஒரு வரிசைக்கு ஒரே ஒரு மின்விசிறி. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி இருக்க வேண்டும் என்பது சட்டம். சித்திரையில் யாருக்கு முடியும்? விளக்கு அணைந்ததும் பிள்ளைகள் சத்தமில்லாமல் கட்டில்களை மின்விசிறிக்கு அடியில் தள்ளி, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு பேர் மூன்று பேராக ஒடுங்கிப் படுத்துக் குசுகுசுவென்று சிரிப்பார்கள். அப்போது வரும் அந்த டார்ச். சிஸ்டர் பெர்னதெத்தின் ரப்பர் செருப்பு சத்தமே போடாது. வெளிச்சம் மட்டும் தரையில் ஊர்ந்து வந்து கட்டிலில் ஏறி முகத்தில் நிற்கும். “தள்ளு” என்பார்கள், அவ்வளவுதான், வேறு வார்த்தை கிடையாது. தள்ளிப்போட்ட கட்டில்களுக்கு நடுவில் சிஸ்டர் வெகு நேரம் நிற்பார்கள், அங்கியிலிருந்து ஒரு வாடை வரும், கஞ்சியும் வியர்வையும் கலந்த புளிச்ச வாடை. சிஸ்டருக்கு மட்டும் புழுங்காதா என்று அந்த வயதில் யார் யோசித்தார்கள்? இந்த ஒன்றரை மாதமும் தமயந்தி ராத்திரியில் போன் வெளிச்சத்தை அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். கவர் மொறுமொறுக்கிறதே, ரிமோட்டை யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க. அதற்குத்தான். வேறு எதற்கு? ஒரு நாள் வெளிச்சம் போன வழியில் கட்டில் விளிம்பிலிருந்து ஹரீஷின் கை தொங்கிக்கொண்டிருந்தது, இவள் வயிற்றுக்கு மேலே, காற்றில், விரல்கள் விரிந்து. தூக்கத்தில் தொங்குகிறது என்று நினைத்து எடுத்து அவன் மார்மேல் வைத்தாள். அந்தப் பக்கம் மோனிஷா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். சீ. சீ என்று தமயந்தி டம்ளரை மேடையில் வைத்தாள். யாரைப் பார்த்துச் சீ என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எல்லாம் நினைக்க வைத்துவிட்டுப் போய்விட்டாளே அந்த உப்பு பூத்த சுடிதார்க்காரி. கையைத் துடைத்துக்கொண்டு நேரே மேற்கு அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருந்தது. நீங்க ரெண்டு பேரும் ஏசி ரூமை எடுத்துக்கோங்க, நானும் அப்பாவும் ஹால்ல ஒரு கூலர் வாங்கிப் போட்டுக்கிறோம். இவ்வளவுதான், ஒரு வாக்கியம், பிசிறில்லாத வாக்கியம். கதவைத் தள்ளியதும் சூடு முகத்தில் அறைந்தது. ஹரீஷ் பெட்டிமேல் முழங்காலை ஊன்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தான், பெட்டி திமிறாமல் மோனிஷா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் தலையும் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. எதைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். “என்னம்மா?” என்றான் ஹரீஷ். அப்படியே முட்டிபோட்ட வாக்கில் பார்த்தான், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற அதே பார்வை. மோனிஷாவும் பார்த்தாள். “ஏதாவது வேணுமா அத்தை?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தமயந்தி வாயைத் திறந்தாள். “அந்த நீலப் போர்வை நம்மளோடது. பெட்டில வச்சுடாதீங்க” என்றாள்.

டெம்போ வந்தது. ஏற்றினார்கள். நீலப் போர்வையை மோனிஷா நான்காக மடித்து ஹால் சோபாவில் வைத்துவிட்டுப் போனாள், மடிப்புக் கலையாமல், சோதனைக்கு வைத்த மாதிரி. “வரேன் அத்தை” என்றாள். “போய் அடுப்பு பத்த வைக்கிற வரைக்கும் நான் கூட இருக்கேன்” என்று கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளை வீட்டு ஏசியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார், தெரியாதா? ஹரீஷ் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தான். இவள் பால்கனியில் காய்ந்த துணியை உதறிக்கொண்டிருந்தாள், உதறிக்கொண்டேயிருந்தாள், பார்த்தபோது பைக் தெருமுனையில் திரும்பியிருந்தது. பால்கனிக் கம்பி கையைச் சுட்டது. உள்ளே வந்தால் வீடு பூராவும் மாவு புளித்த வாடை, மத்தியானச் சாம்பார் நுரை கட்டத் தொடங்கியிருந்தது, கொட்ட வேண்டும், கொட்டினால் சிங்க் நாறும். பட்டப்பகலில் ஏசி அறைக்குள் போனாள். கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் பகலில் ஏசி போட்டதாகச் சரித்திரம் கிடையாது. கோதண்டத்தின் தலையணைக்கு அடியிலிருந்து பாலிதீன் கவரை உருவி எடுத்து, இருபத்துநான்கில் வைத்தாள். பார்க்கட்டும். யூனிட் ஓடட்டும். கட்டிலில் தாராளமாகப் படுத்திருக்கலாம். ஆனால் கால் போய்ப் பழகின இடத்தில், கீழே, மெத்தையை விரித்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்தான் படுத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. காலையிலேயே எல்லா உறையையும் கழற்றி ஊறப்போட்டாயிற்று, வெறும் தலையணைகள்தான். இருந்தும் அந்த வாடை வந்தது. எட்டி இழுத்துக் கோதண்டத்தின் தலையணையை முகர்ந்தாள், முகப்பவுடர், தைலம். ஹரீஷுடையது, எண்ணெய்ப்பிசுக்கு மட்டும். சுவரோரம் புரண்டு மோனிஷா தலை வைத்த இடத்தை நாய் மாதிரி முகர்ந்தாள். லேசாக மாம்பழம், அவ்வளவுதான், அதுகூடப் போய்க்கொண்டிருந்தது. பிறகு தன் தலையணை. முகத்தைப் பதித்து மூச்சை இழுத்தாள். கஞ்சியும் வியர்வையும் பழைய எண்ணெயும் புளித்து, அடர்ந்து, வருஷக்கணக்காக ஊறினது மாதிரி. முகத்தை எடுக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். சுவரில் அந்தப் பெட்டியின் பச்சைக் கண் ஒரு தரம் மினுக்கி, எதையோ குறித்துக்கொண்டது. குறித்துக்கொள்ளட்டும், ஒரே ஆள் விட்ட மூச்சை. கால்மாட்டில் அனல் தட்டியது. ஹாலின் வெக்கை. வந்தபோது சாத்தாமல் வந்துவிட்டாள். அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. “ஹரீஷ், அந்தக் கதவைச் சாத்துப்பா, குளிர் வெளியே போகுது” என்றாள். ஏசி ஒரு தரம் குலுங்கி மறுபடியும் ஓடத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, தலையணையை விட்டு முகத்தை எடுக்காமல், இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே, “யாராவது அந்தக் கதவைச் சாத்துங்களேன்” என்றாள்.